முழங்கால் வரைக்கும்

போன வருசம் ஆகஸ்ட் லீவுக்கு எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு படம் போட்டோம். வாசிப்பு வட்டம் என்ற பெயரில் மாதம் ஒருமுறை கூடும் பத்துப் பன்னிரண்டு பேர் நாங்கள். அதில் மூன்று பேரிடம் படம் தெரிவு செய்யும் வேலை வந்தது. ஒரு ரீச்சர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா, மூன்றாவது ஆள் நான். கணக்குப் பார்ப்பது என் தொழில்; எதையும் கட்டம் கீறிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு தாளில் இரண்டு நிரல் போட்டேன். ‘பிள்ளைகளுக்கு’ என்று ஒன்று, ‘பெரியாக்களுக்கு’ என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. இரண்டையும் கூட்டி எது கூடவோ அந்தப் படம். ரீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, “நல்ல வடிவாக் கீறியிருக்கிறீங்கள் தம்பி” என்று மட்டும் சொன்னா. அதில் இருந்த நக்கல் எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

இருபதுக்குப் பதினெட்டு எடுத்து ஒரு படம் வந்தது. பெயர் எதற்கு, தமிழ் டப்பிங்கில் வந்த ஒரு கார்ட்டூன் படம். மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டர் இரவல் வாங்கி, கச்சான் சரை சுற்றி, பாயும் கதிரையும் போட்டு எல்லாம் சரியாகத்தான் செய்தோம். பிள்ளைகள் முன்னால் பாயில், பெரியாக்கள் பின்னால் கதிரையில். ஒரு மிருகம் வழுக்கி விழுந்தால் முன்பக்கம் கொல்லென்று சிரித்தது. டப்பிங்காரர் வடிவேலு பாணியில் ஒரு வசனத்தை நுழைத்தால் பின்பக்கம் சிரித்தது. முன்பக்கம் சிரிக்கும்போது பின்பக்கம் போனைத் தடவியது. பின்பக்கம் சிரிக்கும்போது முன்பக்கம் திரும்பிப் பார்த்து, “என்னவாம்? என்னவாம்?” என்று கேட்டது. இடைவேளைக்குப் பிறகு பாதிக் கதிரைகள் காலி. ஆம்பிளையள் வெளியே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு முழு மண்டபமும் ஒன்றாகச் சிரித்தது ஒரே ஒரு தடவை. கச்சான் மணத்துக்கு வந்ததோ என்னவோ, திருகோணமலை வீதிகளில் மாடுகளுக்குச் சமமாக நடந்து திரியும் மான்களில் ஒன்று கதவுக்குள் தலையை நீட்டி, வாசலில் இருந்த அப்பு ஒருவரின் மடியில் கிடந்த கடதாசிச் சரையைக் கவ்விக்கொண்டு போனது. சின்னன் பெரிசு எல்லாம் எழும்பி நின்று சிரித்தது. பிறகு திரும்ப உட்கார்ந்து, தனித்தனியாகப் படம் பார்த்தோம்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த மான்தான் மண்டையில். பதினெட்டுப் புள்ளிப் படம் செய்யாததை அது எப்படிச் செய்தது?

இரண்டு சட்டியில் சமைப்பது

பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து பார்க்கும் படம் என்றால் நம்மில் பெரும்பாலானோர் நினைப்பது, ஒரே மேசையில் இரண்டு சட்டி வைப்பதுபோல ஒன்றை. உறைப்பில்லாத கறி பிள்ளைக்கு, உறைப்பு நமக்கு. பிள்ளைக்கு விளங்காத பகிடி ஒன்றை அதன் தலைக்கு மேலால் நமக்கு எறிந்தால் ‘பெரியாக்களும் ரசிக்கலாம்’ என்று எழுதிவிடுகிறோம். என் இரண்டு நிரலும் அதையேதான் அளந்தன. பிள்ளையின் சிரிப்பைத் தனியாக எண்ணி, என் சிரிப்பைத் தனியாக எண்ணிக் கூட்டினேன். கூட்டல் சரி. ஒரே சட்டியில் இருந்து சாப்பிட்டார்களா என்று கேட்க என் தாளில் இடமில்லை.

அமெரிக்காவில் முழுநீள அனிமேஷன் படத்துக்கென்று தனி ஒஸ்கார் கொடுக்கத் தொடங்கியது 2002 இல். முதல் மூன்று வருசமும் வென்ற படங்களை வரிசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது. 2002 இல் ‘ஷ்ரெக்’. சேற்றில் குளிக்கும் பூதத்தைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும். இளவரசிக் கதைகளைத் தலைகீழாக்கும் குத்தலைப் பார்த்துப் பெரியவர் சிரிப்பார். கெட்டித்தனமான படம்தான். ஆனால் அடுத்தடுத்து வந்த எத்தனையோ படங்களுக்கு இரண்டு சட்டி வைக்கும் பழக்கத்தைக் கொடுத்ததும் அதுதான் என்பது என் குற்றச்சாட்டு. 2003 இல் ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’. பத்து வயசுப் பெண்பிள்ளையின் தாயும் தகப்பனும் கேட்பாரற்றுக் கிடந்த சாப்பாட்டை அள்ளி விழுங்கிப் பன்றிகளாகிப் போகிறார்கள். அதில் பிள்ளைக்கென்று ஒன்று, பெரியவருக்கென்று ஒன்று இல்லை. பிள்ளை பயப்படுகிறது, நமக்கு வெட்கமாக இருக்கிறது, இரண்டும் ஒரே பன்றியைப் பார்த்து. 2004 இல் ‘ஃபைண்டிங் நீமோ’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவும்.

இன்னொரு பிழையும் எங்கள் வட்டத்தில் நடக்கப் பார்த்தது. “கார்ட்டூன்தானே, எது என்றாலும் போடலாம்” என்று ஒருவர் சொன்னார். 1988 சித்திரை 16ஆம் திகதி ஜப்பானில் ஒரே நிறுவனத்தின் இரண்டு படங்கள் ஒரே காட்சியாக, ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் திரையிடப்பட்டன. ஒன்று மியாசாகியின் ‘மை நெய்பர் டொட்டோரோ’. மற்றது தகஹாட்டாவின் ‘கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. குண்டுவீச்சில் தாயைப் பறிகொடுத்த அண்ணனும் குட்டித் தங்கச்சியும் பசியில் கரைந்துபோகும் கதை. இரண்டும் கீறிய படங்கள், இரண்டிலும் பிள்ளைகள். இரண்டாவதை நான் ஒரு தடவை பார்த்தேன். எங்கள் ஊரில் ஒரு குறிப்பிட்ட வயசுக்கு மேல் உள்ள யாருக்கும் அதைப் போட்டுக் காட்ட எனக்கு மனமில்லை, மகனுக்கு இன்னும் காலமில்லை. நல்ல படம் என்பதும் குடும்பமாகப் பார்க்கும் படம் என்பதும் ஒன்றல்ல.

டொட்டோரோவை மாமியுடன் பார்த்தேன். மனைவியின் தாய், மகனுக்கு அம்மம்மா. மனுசிக்கு ஜப்பான் மொழியும் தெரியாது, கீழே ஓடும் இங்கிலீசும் தெரியாது, “அது என்ன பூனை வஸ்ஸா?” என்று ஒருமுறை கேட்டதோடு சரி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் தாய்க்குக் கொடுக்கவென்று சின்னது சோளப்பொத்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியே வீதியில் ஓடும் இடத்தில், கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. “இவள் வழி தவறப் போறாள்” என்றா. மகன், “இல்லை அம்மம்மா, அவளுக்கு வழி தெரியும்” என்றான். இரண்டு பேரும் அந்தப் பிள்ளை கிடைக்கும்வரை மூச்சுவிடவில்லை. கீரை அன்று பாதிதான் ஆய்ந்தது.

“அவன் போகவே இல்லையே”

இனி நீமோ. அதற்கு முன் வீட்டுக் கதை கொஞ்சம். எங்கள் வீட்டில் கடலுக்கு ஒரு சட்டம் இருக்கிறது: முழங்கால் வரைக்கும். உப்புவெளியில் என்றாலும் சரி, டச்சுபேயில் என்றாலும் சரி, கோடையில் கடல் குளம் மாதிரிக் கிடந்தாலும் சரி, மகனின் முழங்காலுக்கு மேல் தண்ணி ஏறக்கூடாது. அவனுக்கு ஏழு வயசு. சின்னம்மாவின் கடைசி மகனுக்கும் 2004 மார்கழி 26 இல் ஏழு வயசு. அதற்கு மேல் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கரையில் யாருக்கும் எழுதத் தேவையுமில்லை.

அந்தப் படக்காட்சி நடந்து மூன்று நாலு கிழமைக்குப் பிறகு உப்புவெளிக்குப் போயிருந்தோம். மச்சாள் வீட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மகன் தண்ணிக்குள் குனிந்து நின்றான், பெரிய பையன்கள் ஏதோ சொன்னார்கள், அவன் நிமிர்ந்து ஆழப் பக்கம் பார்த்தான். அவ்வளவுதான். நான் கத்திக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் ஏசிப் பேசினேன். அவன் மற்றக் கையைத் திறந்து காட்டினான். சிப்பி. எடுக்கத்தான் குனிந்திருக்கிறான். நான் அதற்கும் பேசினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை, கரண்ட் வந்து வந்து போகிறது, லப்டொப்பில் நீமோ போட்டேன். 2003 இல் வந்த படம். நான் பார்த்த காலத்தில் எனக்குக் கலியாணமும் இல்லை, கடல் பயமும் இல்லை. மறதியால் எதையும் மனதில் பிடித்துவைக்காத நீல மீனும், மீன் தின்னமாட்டோம் என்று சத்தியம் பண்ணும் சுறாக்களும்தான் ஞாபகம். தொடக்கத்தில் ஒரு சீலா வந்து தாயையும் முட்டைகளையும் கொண்டுபோகிறது, ஒரு முட்டை மிஞ்சுகிறது, அந்த ஒன்றைத் தகப்பன் பொத்திப் பொத்தி வளர்க்கிறது என்பது அந்தக் காலத்தில் எனக்கு வெறும் தொடக்கம். கதை பிறகுதான் வரும் என்று அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகன் கால் இரண்டையும் என் மடியில் போட்டுக் கிடந்தான். பள்ளிக்கூடத்து முதல் நாள் காட்சி. பவளப்பாறை முடிகிற விளிம்பு. அதற்கு அப்பால் நீலம் மட்டும். தூரத்தில் ஒரு படகு. மற்றக் குட்டி மீன்கள் நீமோவை உசுப்பேத்துகின்றன. அவன் மாட்டேன் என்கிறான், அப்பா ஆபத்து என்று சொன்னவர் என்கிறான். அந்த நேரம் பார்த்துத் தகப்பன் வந்து சேருகிறது. எல்லாருக்கும் முன்னால் பேசுகிறது. உன்னால் இதெல்லாம் முடியாது என்ற கணக்கில் பேசுகிறது.

“அவன் போகவே இல்லையே,” என்றான் மகன். “ஏன் பேசுறார்?”

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் உப்புவெளியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அவனுக்கு அது ஞாபகம் வந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. மடியில் கிடந்த கால் இரண்டையும் மெதுவாக மடக்கித் தன் பக்கம் எடுத்துக்கொண்டான்.

பிறகு நீமோ ரோசத்தில் படகை நோக்கி நீந்தத் தொடங்குகிறான். ஒரு பக்கத்துச் செட்டை சின்னது என்பதால் நீச்சலும் கோணல். மகன் எழும்பி முழங்காலில் நின்றான். கை பொத்தியபடி, “போ, போ, போ” என்றான். அதே மூச்சில் என் வாயிலிருந்து, “போகாதை” என்று வந்துவிட்டது. படத்துக்குச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். குட்டி படகைத் தொட்டான், மகன் கை தட்டினான், அடுத்த நிமிசம் சுழியோடி ஒருவன் வந்து குட்டியைப் பிடித்துக்கொண்டு போனான். மகன் இரண்டாம் தடவை என்னைப் பார்த்தான். முன்னமே தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டவனைப் பார்க்கும் பார்வை.

நான் இன்னும் அந்த ஒரு நிமிசத்தை விட்டு வெளியே வரவில்லை. அந்த இடத்தில் படம் அவனிடம் உன் அப்பா பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கலாம். குட்டி படகைத் தொட்டு, வெற்றியோடு திரும்பி வந்திருக்கும். என்னிடம் நீ சொன்னது சரி என்று சொல்லியிருக்கலாம். பிறகு மீதிப் படம் முழுக்கக் குட்டி மன்னிப்புக் கேட்டிருக்கும். இரண்டும் இல்லை. தகப்பன் பேசியது பிழை, தகப்பன் பயந்தது சரி. கடல் உண்மையிலேயே பிள்ளையைக் கொண்டுபோகிறது, அதுவும் தகப்பனின் வாயால் வந்த ரோசத்தில். ஏழு வயசுக்கும் நாற்பத்திரண்டு வயசுக்கும் ஒரே காட்சியைக் கொடுத்து, இரண்டு பேருக்கும் அடி விழ வைத்திருக்கிறார்கள். என் இரண்டு நிரலில் இதை எந்த நிரலில் போடுவது?

இயக்கிய அன்ட்ரூ ஸ்டான்டனும் ஒரு தகப்பன் என்பதை அந்தக் காட்சியைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். தன் பிள்ளையைப் பொத்திப் பொத்தி நடந்ததில் இருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இடையில் ஒரு கிளைக்கதை. நீமோவின் இனமான கோமாளி மீன் கூட்டத்தில் பெண் மீன்தான் தலைமை. அது செத்தால் அடுத்து நிற்கும் ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். இது கட்டுக்கதை இல்லை, உயிரியல். அப்படிப் பார்த்தால் தாய் போன பிறகு நீமோவின் அப்பா அம்மாவாகியிருக்க வேண்டும். மனைவிக்குச் சொன்னேன். “அப்ப பேசுறதும் தன்னால குறைஞ்சிருக்கும்” என்றா.

வலை போச்சு

சித்திரை லீவுக்குத் திரும்பவும் படம் போடும் பேச்சு வந்தபோது நான் தாள் கீறவில்லை. நீமோவைப் போடுவோம் என்றேன். “அது பழசு, எல்லாரும் பார்த்தது” என்றார் துறைமுக ஐயா. எல்லாரும் பார்த்திருக்கலாம், சேர்ந்து பார்த்ததில்லை என்று சொன்னேன். அதோடு இன்னொரு வேலையும் செய்தேன்: பாயும் கதிரையும் கலந்து போட்டேன். கதிரைக்குப் பக்கத்தில் பாய், பாய்க்குப் பக்கத்தில் கதிரை. மண்டபக்காரர் முறைத்தார்.

எல்லாம் நான் நினைத்தபடி போகவில்லை. படகுக் காட்சியில் மண்டபம் பிளக்கும் என்று காத்திருந்தேன். பின்னால் ஒரு கைக்குழந்தை கத்தியதில் பாதிப் பேருக்கு அது காதிலேயே விழவில்லை. ஆனால் கடைசியில் ஒன்று நடந்தது. மீன்பிடிப் படகின் வலைக்குள் ஒரு பெரிய மீன் கூட்டத்தோடு நீல மீன் அகப்படுகிறது. எல்லாரும் ஒன்றாகக் கீழ்நோக்கி நீந்துங்கள் என்று சொல்ல நீமோ வலைக்குள் போகவேண்டும், தகப்பன் விடவேண்டும். இம்முறை விடுகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. மீன்கள் கீழே இழுக்க இழுக்கப் படகில் இருந்த தூக்குமரம் முறிந்து வலை அடிக்குப் போகிறது. பிள்ளைகள் எல்லாம் கை தட்ட, மீன்பிடிக் கிராமமான திருக்கடலூரில் இருந்து வந்திருந்த ஒரு பொடியன், ஒன்பது பத்து வயசு இருக்கும், தலையில் கையை வைத்துக்கொண்டு எழும்பினான்.

“ஐயோ, வலை போச்சு!”

மண்டபம் ஒரு நொடி அமைதி. பிறகு அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒருவர், கையைப் பார்த்தாலே கடல் தொழில் என்று தெரியும், “அதுதானே, வலையென்ன சும்மாவே வருது” என்றார். முன்னால் இருந்த ஒரு பெண்பிள்ளை திரும்பி, “அப்ப மீன் சாகட்டுமா?” என்றது. “நீ மத்தியானம் என்ன சாப்பிட்டனி?” என்று பொடியன் கேட்டான். அது சூடை மீன் குழம்பு என்று உண்மையைச் சொல்லிவிட்டது. அதன்பிறகு நீமோ வீடு திரும்பியதை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. விளக்குப் போட்ட பிறகும் சண்டை ஓயவில்லை. மீன் பக்கம் சில பெரியாக்களும் வலை பக்கம் சில பிள்ளைகளுமாகக் கட்சி கலந்து நின்றது. துறைமுக ஐயா மீன் பக்கம், அதுவும் கடும் தீவிரம். வாசலில் செருப்புத் தேடும்போதும் அதே பேச்சு. ரீச்சர் என்னைப் பார்த்து, “தம்பி, இதுக்கு எத்தனை புள்ளி?” என்றா. இந்த முறை நக்கல் விளங்கியது.

இப்போது யாராவது பிள்ளைகளோடு பார்க்க ஒரு கார்ட்டூன் படம் சொல்லுங்கள் என்று கேட்டால், எங்கே சிரிப்பு வருகிறது என்று நான் யோசிப்பதில்லை. எந்த இடத்தில் பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்க்கும், அல்லது நான் அதன் முகத்தைப் பார்ப்பேன் என்று யோசிக்கிறேன். அப்படி ஓர் இடம் ஞாபகம் வராவிட்டால், படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், பிள்ளையை மட்டும் இருத்திவிட்டு நான் கறிக்குத் தேங்காய் துருவலாம். அதற்கும் படங்கள் வேண்டும்தான். அது வேறு தேவை.

புறாத்தீவு

வைகாசியில் கடல் அடங்கியதும் நிலாவெளியில் இருந்து படகு பிடித்துப் புறாத்தீவுக்குப் போனோம். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். அதைத் தேசிய பூங்காவாக அறிவித்ததும் 2003 இல், நீமோ வந்த அதே வருசம். நான் பிறந்து வளர்ந்த மாவட்டத்தில், என் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் தீவு. 2004க்குப் பிறகு நான் போனதே இல்லை. மகன் கேட்டது ஒரே கேள்விதான்: “அங்க நீமோ இருக்கா?” படகுக்காரத் தம்பி, “இருக்கு, நான் காட்டுறன்” என்றான்.

தீவுக் கரை முழுக்கச் செத்த பவளத் துண்டுகள், காலில் குத்தும். மகனுக்கு லைஃப் ஜக்கெட் இறுக்கிக் கட்டினேன். படகுக்காரன் வந்து அதை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு, “அண்ணை, பிள்ளை மூச்சு விடவேணும்” என்றான். தண்ணிக்குள் நடந்தோம். அவனுடைய முழங்கால் வந்தது. அவன் நின்றான். பழக்கம். என்னைப் பார்த்தான். நான் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு நெஞ்சளவு தண்ணி. அவனுக்குக் கால் எட்டாது. படகுக்காரன் கீழே கை காட்டினான். கண்ணாடி போட்டுக் குனிந்து பார்த்தேன்: பாறையில் ஒட்டிய கடற்சாமந்தி, விரல்கள் மாதிரி ஆடிக்கொண்டு. அதற்குள் கறுப்பும் மஞ்சளுமாக, வெள்ளைப் பட்டி போட்ட ஒரு மீன். படத்தில் வரும் செம்மஞ்சள் இனம் இல்லை, வேறு ஒன்று. மகன் தலையைத் தூக்கி, குழாயை வாயில் இருந்து எடுத்துவிட்டு, “இது நீமோ இல்லை” என்றான். திரும்பவும் குனிந்தான். என் விரலளவு நீளம் இருக்கும் அந்த மீன். கடற்சாமந்திக்குள் இருந்து விர் என்று வெளியே வந்து அவனுடைய கண்ணாடிக்கு நேரே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. உள்ளே ஓடியது. திரும்ப வந்தது. அவன் தண்ணியை உதறிக்கொண்டு மேலே வந்தான், சிரிப்பில் உப்புத்தண்ணி புரையேறியது.

“அப்பா! அது என்னைப் பேசுது!”